ஐந்து பந்தில் எது பிரவுன்?

போன மாதம் திருச்சி கன்டோன்மென்டில் ஒரு ஸ்னூக்கர் போட்டி பார்க்கப் போயிருந்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை. ஏ.சி. ஹால், கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்ட ஆட்டக்காரர்கள், வெள்ளைக் கையுறை மாட்டிய ரெஃப்ரி, எல்லாம் அமர்க்களமாக இருந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒருவன், இருபது வயது இருக்கும், மேஜைமேல் குனிந்தவன் நிமிர்ந்து ரெஃப்ரியிடம், "சார், அந்த மூலையில இருக்கறது ரெட்டா, பிரவுனா?" என்று கேட்டான். "பிரவுன்" என்றார் அவர். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ஆட்டத்தைத் தொடர்ந்தான். ஹாலில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பக்கத்து சீட்டுக்காரர் கொட்டாவி விட்டார்.

எனக்கு வந்ததே ஒரு வயிற்றெரிச்சல். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு நான் பத்து வருஷம் பயந்து செத்திருக்கிறேன். கேட்டதற்கு அப்புறம் வேலை இருக்குமா போகுமா என்று ஒன்பது நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். இவன் என்னடா என்றால் டீக்கடையில் சர்க்கரை கம்மியா என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போகிறான். நல்லா இருக்கட்டும். வயிற்றெரிச்சல் அடங்கின பிறகு மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும்தான், எங்கள் கம்பெனி இதழுக்கு எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்த அனுபவக் கட்டுரை ஞாபகம் வந்தது. "ஜெயிச்ச மேட்ச் பத்தியெல்லாம் எழுதுங்க சார், போட்டோவும் அனுப்புங்க" என்று இதழை நடத்துகிற தம்பி கேட்டிருந்தார். முப்பத்துச் சொச்சம் வருஷம் கம்பெனிக்காக ஸ்னூக்கர் ஆடியிருக்கிறேன். மாநில அளவில் சில கோப்பை வாங்கியிருக்கிறேன், வெளியூர்களில் பல தடவை மண்ணைக் கவ்வியிருக்கிறேன். கோப்பை எல்லாம் எங்கள் வீட்டு அலமாரியில் தூசி தட்ட ஆளில்லாமல் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பிரவுன் பந்தைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்குச் சில நிறங்கள் பிரியாது. சிவப்பும் பிரவுனும் ஒரே மாதிரி. பிறவியிலேயே அப்படி. என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மகன் என்ஜின் ஓட்டுவான் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ரயில்வே மெடிக்கலில் புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைப் பிரித்து, இந்தப் பக்கத்தில் என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார்கள். நான் நம்பரே இல்லையே என்றேன். அவ்வளவுதான், அப்பாவின் என்ஜின் அங்கேயே நின்றுவிட்டது. சிக்னல் விளக்கு பச்சையா சிவப்பா என்று தெரியாதவன் கையில் யார் ரயிலைக் கொடுப்பார்கள்? அவர்கள் செய்தது சரிதான்.

அப்படிப்பட்டவன் எட்டு நிறப் பந்து வைத்து ஆடுகிற ஆட்டத்தில் போய் விழுந்தேன் பாருங்கள். ரயில்வே இன்ஸ்டிடியூட் கிளப்பில் ஒரு ஸ்னூக்கர் மேஜை இருந்தது. அப்பாவுக்கு மெம்பர் கார்டு இருந்தது. மெடிக்கலில் பெயிலான துக்கத்துக்கு அங்கே போய் உட்கார ஆரம்பித்து, பிறகு பந்தை அடிக்கிற கோலை, கியூவை, கையில் எடுத்து, நாலு வருஷத்தில் ஊரில் என்னை ஜெயிக்க ஆளில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பந்தால் அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ள வேண்டும். சிவப்பு பதினைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயின்ட். மஞ்சள், பச்சை, பிரவுன், நீலம், ரோஸ், கறுப்பு வகைக்கு ஒன்று. ஒரு சிவப்பைப் போட்டால்தான் ஒரு கலர் பந்தைப் போடலாம். பிறகு மறுபடி சிவப்பு. சிவப்பு ஆட வேண்டிய நேரத்தில் கலர் பந்தைத் தொட்டால் ஃபவுல், எதிராளிக்குப் பாயின்ட்; பிரவுன் என்றால் நாலு. கலர் பந்து விழுந்தால் ரெஃப்ரி எடுத்து அதன் இடத்தில் திரும்ப வைப்பார். சிவப்பு விழுந்தால் விழுந்ததுதான்.

பிரவுனுக்கு மேஜையில் ஒரு சொந்த இடம் உண்டு. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில். ஆட்டம் தொடங்கும்போது அது அங்கே இருக்கும், அதில் குழப்பமில்லை. அங்கிருந்து அது நகர்ந்த நிமிஷத்திலிருந்து நான் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்க மாட்டேன். எதிராளி ஆடும்போதும் பிரவுனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணை எடுத்தால் தொலைந்தது. அதனால் மேட்ச் அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் பிரவுன் எங்கேயாவது போய்விட்டால்? ஹாலில் எனக்கு நல்ல பெயர். "முருகேசன் மாதிரி ஆட்டத்துல கவனம் வெக்கறவன் கிடையாது" என்பார்கள். தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்பேன்.

கம்பெனியில் விளையாட்டு கோட்டாவில் என்னை எடுத்தது வரதன் சார். ஃபைனான்ஸில் பெரிய அதிகாரி, ஸ்னூக்கர் அணிக்குக் கேப்டன். ஸ்ரீரங்கத்துக்காரர், உத்தர வீதியில் வீடு. நெற்றியில் திருமண், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி போ டை, இரண்டையும் ஒரே நேர்த்தியோடு போட்டுக்கொள்கிற மனுஷன் உலகத்தில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் வெளியே ஒரு வாய் சாப்பிட மாட்டார். அடுக்கு கேரியரில் புளியோதரை கூடவே வரும். எங்களுக்கும் சேர்த்துத்தான் கொண்டுவருவார், ஆனால் "எடுத்துக்கோங்கோ" என்று ஒரு தடவைதான் சொல்வார். மரியாதைக்கு வேண்டாம் என்றவன் பட்டினி.

பிராக்டிஸ் மத்தியானம் மூன்று மணி. மூன்று என்றால் மூன்று. அவர் சொல்லிக் கொடுக்கிற முறையே தனி. ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து மேஜையில் ஓரிடத்தில் வைப்பார். "சிவப்பைப் போடும். வெள்ளை இதுமேல வந்து நிக்கணும்" என்பார். பந்து குழியில் விழுந்தது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. வெள்ளை டிக்கெட்மேல் நின்றதா என்பதுதான் பேச்சு. நின்றால் ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டை இன்னோர் இடத்துக்கு நகர்த்துவார். நிற்காவிட்டால் "ஹும்" என்று ஒரு சத்தம். அந்த ஒரு "ஹும்"மில் நம் பரம்பரையே வெட்கப்படும். பேஷ், சபாஷ் என்று யாரையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, டிக்கெட்டுக்குப் பதிலாக ஒரு நாள் குண்டூசி டப்பா மூடியை வைத்தார். அது இன்னும் சின்னது.

அவரிடம் இன்னொரு கட்டளை உண்டு. ஆடும்போது பேசக்கூடாது. முக்கியமாக ரெஃப்ரியிடம் எதையும் கேட்கக்கூடாது. "மேஜையைப் பார்த்தா எல்லாம் தெரியும். பார்க்கத் தெரியாதவன்தான் கேள்வி கேட்பான்" என்பார். நிறம் தெரியாத ஆட்டக்காரன் கேட்டால் ரெஃப்ரி சொல்லியாக வேண்டும் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும்.

குட்டு என்றால் சாதாரணக் குட்டு இல்லை. கம்பெனியில் சேரும்போதும் மெடிக்கல் இருந்தது. அதே புள்ளிப் புத்தகம். ரயில்வேயில் பட்டது போதும் என்று, பெரிய கடை வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்குத் தெரிந்தவர் இருந்தார், அவரிடம் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பக்கத்துக்குப் பக்கம் நம்பரை அவர் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்துகொண்டு போனேன். டாக்டர் பக்கம் திருப்பத் திருப்ப வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். பாஸ். இரண்டு வருஷம் டெம்பரரி, அப்புறம் ஆட்டத்தைப் பார்த்து நிரந்தரம் என்று ஆர்டர் கொடுத்தார்கள். கொடுத்த தகவலில் ஏதாவது பொய் என்று தெரிந்தால் எந்த நிமிஷமும் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதே ஆர்டரில் கடைசியில் ஒரு வரி. அந்த வரியை மட்டும் நான் நூறு தடவை படித்திருப்பேன்.

இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, கம்பெனிகளுக்கு இடையிலான போட்டி திருச்சியிலேயே நடந்தது. கடைசி நாள், இரு அணியும் சமம், மிச்சம் இருப்பது என் ஆட்டம். மூன்று ஃபிரேமில், அதாவது மூன்று சுற்றில், இரண்டு ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் வேலை நிரந்தரம் என்று ஆபீஸில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குக் காலையில்தான் என் மனைவி மல்லிகாவைப் பிரசவத்துக்கு ஸ்ரீரங்கத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் கூடவே இருக்கிறேன் என்றதற்கு, "இங்க இருந்து நீங்க என்ன பண்ணப் போறீங்க, குறுக்கும் நெடுக்கும் நடப்பீங்க. போய் ஜெயிச்சிட்டு வாங்க" என்று விரட்டிவிட்டாள்.

எதிராளி சென்னைக்காரர், சேகர் என்று பெயர். கெட்டிக்காரர். முதல் ஃபிரேம் நான் ஜெயித்தேன். இரண்டாவதிலும் நான்தான் முன்னால். சேகர் ஆட எழுந்தார். அந்த நேரம் பார்த்து கிளப் மேனேஜர் வாசலில் வந்து வரதன் சாரிடம் ஏதோ சொன்னார். சார் எழுந்து போய் ரெஃப்ரி காதில் பேசினார். ரெஃப்ரி தலையாட்டினார். சார் என்னிடம் வந்து, "போன் வந்திருக்கு. போய்ட்டு வாரும். தகப்பனாராயிட்டீர்" என்றார். ஆட்டத்துக்கு நடுவில் தும்மினால்கூட முறைக்கிற மனுஷன், எனக்காக அனுமதி வாங்கியிருக்கிறார். நான் ஓடினேன்.

போனில் மாமியார். பெண் குழந்தை, இரண்டு பேரும் சௌக்கியம் என்றார். "நல்ல கலரா இருக்கா மாப்பிள்ளை" என்றும் சொன்னார். என்னிடமா சொல்ல வேண்டும் அதை. சிரிப்பும் அழுகையுமாக ரிசீவரை வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழியில் ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்துவிட்டு ஹாலுக்குள் வந்தேன்.

வந்து மேஜையைப் பார்த்தால் பிரவுனின் இடம் காலி.

நான் வெளியே இருந்த சமயத்தில் சேகர் ஆடி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது என் முறை, சிவப்பு ஆட வேண்டும். என் கண்ணுக்கு மேஜையில் ஐந்து சிவப்பு. அதில் ஒன்று பிரவுன். எது என்று ரெஃப்ரிக்குத் தெரியும், சேகருக்குத் தெரியும், வாசலில் நிற்கிற மேனேஜருக்குக்கூடத் தெரியும். அரை நிமிஷம் கியூ முனைக்குச் சாக்பீஸ் தடவினேன். இன்னும் அரை நிமிஷம் தடவினேன். குழிக்கு ஒரு சாண் தள்ளி, போட்டுத் தொலைக்கிற மாதிரி ஒரு பந்து இருந்தது. ஐந்தில் நாலு சிவப்பு, நமக்கென்ன அவ்வளவு மோசமான நேரமா, பெண் பிறந்திருக்கிற நாள் வேறு என்று துணிந்து அதை அடித்தேன். சுத்தமாக விழுந்தது.

"ஃபவுல். நாலு" என்றார் ரெஃப்ரி.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, ஹாலே சிரித்தது. இத்தனை வருஷம் ஆடுகிறவன் சிவப்பு என்று நினைத்துப் பிரவுனைப் போடுகிறானே என்று சிரிக்கத்தான் செய்வார்கள். சேகர் சிரிக்கவில்லை. என்னையே உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஃபிரேம் போயிற்று.

மூன்றாவது ஃபிரேமுக்கு முன்னால் பத்து நிமிஷ இடைவேளை. வரதன் சார் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கத்துவார் என்று பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"பிறந்ததிலேர்ந்து சார்."

"மெடிக்கல்ல எப்படித் தேறினீர்?"

சொன்னேன். கண்ணாடிக் கடை, மனப்பாடம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தூணில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓய், உம்ம பார்வை மேஜையை விட்டு நகரவே நகராதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிண்டு திரியறேன். ஏகாக்ரம்னு. நீர் பிரவுனைத் தேடிண்டிருந்தீரா?"

"ஆமா சார்."

"ரூல் தெரியுமோ?"

"தெரியும் சார். நீங்கதான் கேள்வி கேக்கக்கூடாதுன்னு…"

"அது கண் தெரியறவாளுக்குச் சொன்னது. உள்ள போய்க் கேளும். எத்தனை தடவை வேணுமோ அத்தனை தடவை கேளும்."

சேகர் கெட்டிக்காரர் என்று சொன்னேன் அல்லவா. மூன்றாவது ஃபிரேம் தொடங்கி இரண்டாவது தடவை மேஜைக்கு வந்ததும், ஒரு சிவப்பைப் போட்டுவிட்டு, அடுத்து பிரவுன் ஆடுகிறேன் என்று சொல்லி, அதைச் சிவப்புக் கூட்டத்துக்குள் படாரென்று அடித்துவிட்டார். ஏழெட்டுப் பந்து ஒரே சமயத்தில் நாலா பக்கமும் ஓடின. எல்லாம் எனக்கு ஒரே ஜாதி. எதைத் துரத்துவது? விதிப்படி அவர் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதை வைத்து ஒரு பானை சோறு வடித்திருக்கலாம்.

எழுந்து போனேன். கியூவைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். ஒரு தடவை கனைத்துக்கொண்டேன்.

"சார், எனக்குக் கலர் தெரியாது. பிரவுன் எது?"

கேட்டுவிட்டேன். மறுபடியும் பின் வரிசையில் சிரிப்பு. ரெஃப்ரி வயதான மனுஷர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நீலத்துக்கு வலது பக்கம், ஒரு கையளவு தள்ளி, தனியா நிக்கறது" என்றார். நான் வேறொரு பந்தைப் போட்டேன். "ஒன்று" என்றார். அது சிவப்பு. அந்த "ஒன்று" என்ற குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

அன்றைக்கு ஒன்பது தடவை கேட்டேன். மூன்றாவது தடவைக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. சேகர் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பிரவுனைக் கலைப்பதிலேயே குறியாக இருந்து, போட வேண்டிய பாயின்டுகளைக் கோட்டைவிட்டார். எனக்கோ, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரவுனைக் காவல் காக்கிற வேலை இல்லை. ஆட்டத்தை மட்டும் ஆடினேன். மேஜை இவ்வளவு பெரியதா என்று இருந்தது. ஜெயித்தேன். சேகர் கையைக் குலுக்கி, "பிரவுனை நம்பி நான் மோசம் போனேன் சார்" என்றார். நல்ல மனுஷன்தான், ஆட்டத்தில்தான் அப்படி.

வரதன் சார் தன் ஸ்கூட்டரில் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். காவேரிப் பாலத்தில் போகும்போது எனக்கு மிதக்கிற மாதிரி இருந்தது. ஜெயித்தாயிற்று, பெண் பிறந்தாயிற்று. பாலத்தின் பாதியில் அவர் தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"திங்கட்கிழமை மெடிக்கலுக்கு எழுதப்போறேன்."

"சார்?"

"கண் பரிசோதனை மறுபடியும் செய்யவும்னு ஒரு வரி. காரணம் எழுதமாட்டேன். உம்மை எடுத்துக்கோங்கோன்னு கையெழுத்துப் போட்டவன் நான். தெரியாத வரைக்கும் அது என் அறியாமை. தெரிஞ்சப்புறம் பேசாம இருந்தா அது பொய். அங்க போய் என்ன சொல்றதுங்கறது உம்ம பாடு."

பாவி மனுஷா, குழந்தை முகத்தை முதல் தடவை பார்க்கப் போகிற நேரத்திலா இதைச் சொல்வது. எனக்கு ஸ்கூட்டரிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. அவர் பாட்டுக்கு ஆஸ்பத்திரி வரை வந்து, குழந்தையைக் கையில் வாங்கி, "க்ஷேமமா இருக்கட்டும், ரங்கநாதர் கடாக்ஷம்" என்று ஆசீர்வாதம் பண்ணி, கேரியரில் மிச்சமிருந்த புளியோதரையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கு அப்புறம் ஒன்பது நாள். மெடிக்கலுக்கு வரச் சொல்லி சீட்டு வந்துவிட்டது. மல்லிகா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்ச் சொன்னாள்.

"ஏங்க, இதுக்கு எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க? அதே புஸ்தகம்தானே? அந்த நம்பரெல்லாம் உங்களுக்கு மறந்தா போச்சு?"

"ஒண்ணுகூட மறக்கல."

"அப்ப போயி ஒப்பிச்சிட்டு வாங்க. அவரு எழுதினது அவரு நியாயம். நமக்குப் பொண்ணு இருக்கு."

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஆபீஸில் குமாஸ்தா வேலை, வெளியே ஸ்னூக்கர். இதில் நிறம் தெரியாததால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒப்பித்தால் எல்லாம் தீர்ந்தது. ஹாலில் அத்தனை பேர் முன்னால் நான் கேட்டதுகூட, ஏதோ அன்றைக்குக் கண் மங்கலாக இருந்தது என்று சமாளித்துவிடலாம். போகிற வழியெல்லாம் நம்பர்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். வரிசை பிசகாமல் வந்தது.

கம்பெனி டிஸ்பென்சரியில் ஒரு லேடி டாக்டர், புதிதாக வந்தவர். புள்ளிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார். அது எல்லோருக்கும் தெரிகிற பக்கம். "பன்னிரண்டு" என்றேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதில் என்ன நம்பர் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் வந்து நின்றது.

ஆனால் பாருங்கள், அந்தப் பக்கத்தில் எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. அத்தனை வருஷமும் புள்ளிதான் தெரிந்தது. பயத்தில் அதை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஒன்பது தடவை ஹாலில் கேட்டவனுக்கு, இந்தச் சின்ன ரூமில் ஒரே ஒரு ஆள் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணும் தெரியல மேடம்."

அடுத்த பக்கம். "தெரியல மேடம்." அடுத்தது. "தெரியல." பத்துப் பன்னிரண்டு பக்கம் அப்படியே போயிற்று. நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. டாக்டர் என் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எல்லாத்தையும் சரியாச் சொல்லியிருக்கீங்களே?"

"மனப்பாடம் மேடம்."

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "சொல்லுங்க பார்ப்போம்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னேன். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பிச் சரிபார்த்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடினார்.

"கண்ணு பெயில். ஞாபக சக்தி பாஸ்" என்றார். "இங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆபீஸ்ல இருக்கேன் மேடம். ஸ்னூக்கர் டீம்ல ஆடறேன்."

"அதுல எத்தனை கலர் பந்து?"

"வெள்ளையோட எட்டு மேடம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரித்தார் பாருங்கள், வெளியில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. வேலை போகுமோ என்று நடுங்கிக்கொண்டே நானும் சிரித்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போன தடவை என்ன நடந்ததுன்னு நான் பாக்கல. இந்தத் தடவை நடந்ததை எழுதறேன்" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார். ஆபீஸ் வேலைக்குத் தகுதியானவர், நிறம் பார்த்துச் செய்கிற வேலை தரக்கூடாது, நிரந்தரம் செய்ய ஆட்சேபம் இல்லை. எழுதினதை எனக்குப் படித்துக் காட்டி, ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கையில் கொடுத்தார்.

வெளியே வந்தால் வரதன் சார் பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அந்த நேரத்தில் அவர் ஆபீஸில் பில் பாஸ் பண்ணிக்கொண்டிருக்க வேண்டும். நான் சந்தோஷம் தாங்காமல், "சார், டாக்டர் வந்து…" என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவா எழுதினதை விடும். நீர் என்ன சொன்னீர்?"

"தெரியலன்னு சொன்னேன் சார்."

"எல்லாப் பக்கத்துக்குமா?"

"முதல் பக்கம் தவிர எல்லாத்துக்கும் சார்."

எழுந்து என் கையிலிருந்த கவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதை நான் கொடுத்துடறேன். மூணு மணிக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கவர் ஒட்டினது ஒட்டினபடியே வந்து சேர்ந்ததாகப் பெர்சனல் செக்‌ஷன் கிளார்க் மறுநாள் என்னிடம் சொன்னார். அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாமல்தான், அந்த மனுஷன் என்னைப் பிராக்டிஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.